சீரோடெர்மா பிக்மென்டோசமும் பி53 மரபணுவும்: ஒரு வரலாறு

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்பது ஓர் அரிய பிறவி நோய். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. நம் எல்லோருடைய தோலிலும் இது அன்றாடம் நடக்கிறது. நம் செல்கள் அந்தச் சிதைவைச் சரிசெய்துவிடுகின்றன. இந்நோயுடன் பிறந்தவர்களுக்கு அந்தப் பழுதுநீக்கும் வேலை நடப்பதில்லை, அல்லது அரைகுறையாக நடக்கிறது. அதனால் இரண்டு வயதுக்குள்ளேயே முகத்திலும் கைகளிலும் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. தோல் வறள்கிறது, கண் கூசுகிறது. பாதுகாப்பின்றி வளர்ந்தால் பத்து வயதையொட்டியே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு மருத்துவர்கள் இதை எக்ஸ்.பி. என்று சுருக்கமாக அழைப்பர். இக்கட்டுரையிலும் அவ்வாறே குறிப்பிடுவோம்.

மேற்கு ஐரோப்பாவில் பத்து லட்சம் பிறப்புகளில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே வரும் நோய் இது. ஆனால் புற்றுநோய் எப்படித் தோன்றுகிறது என்ற பெரிய கேள்விக்கு நேரடி விடை தந்ததில் இந்நோயாளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வெயிலுக்கும் புற்றுநோய்க்கும் இடையிலான தொடர்பு பி53 என்ற மரபணுவில் எழுத்துப் பிழைகளாகப் பதிந்திருப்பதை, இவர்களின் தோல் கட்டிகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. அந்த வரலாற்றையும், உறவுத் திருமணம் பரவலாக உள்ள ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் அதை ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே காண்போம்.

முதற்பதிவுகள்

வியன்னா நகரில் தோல் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தவர் ஃபெர்டினான்ட் ஃபான் ஹெப்ரா. அவருடைய மருமகனும் மாணவருமான மோரிட்ஸ் கபோசி, காகிதத்தோல் போல வறண்டு புள்ளிகள் நிறைந்த தோலுடைய நோயாளிகளைக் கண்டார். ஹெப்ராவும் கபோசியும் சேர்ந்து எழுதிய தோல் நோய்ப் பாடநூலில் இந்நோய் 1870களில் விவரிக்கப்பட்டது. முதலில் 'சீரோடெர்மா', அதாவது உலர்தோல், என்று மட்டும் குறித்த கபோசி, 1882இல் நிறமாற்றத்தையும் சேர்த்து 'சீரோடெர்மா பிக்மென்டோசம்' என்று பெயரிட்டார். தமிழில் இதை நிறமியுடை உலர்தோல் நோய் எனலாம்.

1883இல் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இந்நோயுள்ள உடன்பிறந்தோர் இருவரைப் பற்றி எழுதினார். அவர்களுக்குத் தோல் பாதிப்போடு நரம்புச் சிதைவும் இருந்தது. இன்றைய கணக்கின்படி எக்ஸ்.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் காது கேளாமை, நடை தடுமாற்றம், அறிவுத்திறன் குறைதல் போன்ற நரம்புப் பாதிப்புகளும் உண்டாகின்றன.

ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு வருவதையும், பெற்றோர் பெரும்பாலும் உறவினராக இருப்பதையும், வெயில் படும் இடங்களில் மட்டும் கட்டிகள் தோன்றுவதையும் அக்கால மருத்துவர்கள் கவனித்தனர். ஆனால் காரணம் புரியவில்லை. அதற்கு இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

புறஊதாக் கதிர் டி.என்.ஏ.வில் செய்வது

வெயிலில் நெடுநாள் உழைக்கும் கப்பல் மாலுமிகளின் தோலில் புற்று மிகுதியாக வருவதை 1894இல் ஜெர்மானிய மருத்துவர் பால் உன்னா எழுதினார். 1928இல் ஜார்ஜ் ஃபிண்ட்லே புறஊதாக் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சி எலிகளுக்குத் தோல் புற்றை உண்டாக்கிக் காட்டினார். கதிர் புற்றுநோயைத் தருகிறது என்பது உறுதியாயிற்று. அது செல்லுக்குள் எதைத் தாக்குகிறது என்பது தெரியாமலே இருந்தது.

பள்ளியில் படித்ததை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகளாலான முறுக்கேணி. அதில் நான்கு எழுத்துகள் உள்ளன: அடினின், குவானின், சைட்டோசின், தைமின். ஓர் இழையில் அடினின் இருந்தால் எதிர் இழையில் தைமின் இருக்கும். குவானின் இருந்தால் சைட்டோசின் இருக்கும். இவற்றுள் சைட்டோசினும் தைமினும் பிரிமிடின் வகையைச் சேர்ந்தவை.

புறஊதாக் கதிர் படும்போது, ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பிரிமிடின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1960இல் நெதர்லாந்தில் போய்கர்ஸ், பெரென்ட்ஸ் ஆகிய இருவரும் தைமின்களில் இந்த இணைப்பைக் கண்டறிந்தனர். ஒட்டிக்கொண்ட இடத்தில் ஏணியின் படிகள் கோணலாகின்றன. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி அந்த இடத்துக்கு வந்ததும் தடுமாறுகிறது.

1964இல் அமெரிக்காவின் மூன்று ஆய்வுக் குழுக்கள் பாக்டீரியாக்களில் ஒரு வியப்பான செயலைக் கண்டன. ஓக் ரிட்ஜில் செட்லோ, கேரியர் ஆகியோரும், யேல் பல்கலைக்கழகத்தில் பாய்ஸ், ஹோவர்ட்-ஃபிளாண்டர்ஸ் ஆகியோரும், ஒட்டிக்கொண்ட எழுத்துகளைச் செல் வெட்டி வெளியேற்றுவதைக் கண்டனர். ஸ்டான்ஃபோர்டில் பெட்டிஜான், ஹானவால்ட் ஆகியோர், வெட்டிய இடைவெளி புதிய எழுத்துகளால் நிரப்பப்படுவதைக் கண்டனர். கிழிந்த வேட்டியில் நைந்த பகுதியை வெட்டிவிட்டு ஒட்டுப்போடுவது போன்ற வேலை இது. வெட்டவேண்டிய அளவுக்கு எதிர் இழை வழிகாட்டியாக இருக்கிறது. அதைப் பார்த்துச் சரியான எழுத்துகள் நிரப்பப்படுகின்றன. இதற்கு வெட்டி நீக்கும் பழுதுநீக்கம் என்று பெயர்.

1968: கிளீவரின் கண்டுபிடிப்பு

மனிதச் செல்களிலும் இத்தகைய பழுதுநீக்கம் நடக்கிறதா என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஜேம்ஸ் கிளீவர். இங்கிலாந்தில் பிறந்த அவர், பழுதுநீக்க முடியாத செல்கள் கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தேடிக்கொண்டிருந்தார். அப்போது நாளிதழ் ஒன்றில் எக்ஸ்.பி. நோயைப் பற்றி வந்த செய்தி அவர் கண்ணில் பட்டது. வெயில் பட்டால் புற்று வருகிறது என்றால், அவர்களுடைய செல்களில் பழுதுநீக்கம் இல்லாமல் இருக்கலாம் என்று அவர் ஊகித்தார்.

நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினார். இயல்பான செல்கள் உடனே வெட்டிய இடங்களில் புதிய எழுத்துகளை நிரப்பத் தொடங்கின. எக்ஸ்.பி. செல்களில் அது மிகக் குறைவாக இருந்தது. 1968இல் 'நேச்சர்' இதழில் இம்முடிவு வெளியானது. மறு ஆண்டே செட்லோவின் குழு, இச்செல்களால் ஒட்டிக்கொண்ட எழுத்துகளை வெட்டி வெளியேற்றும் முதற்படியையே செய்ய முடியவில்லை என்று உறுதிசெய்தது.

இதன் பொருள் பெரிது. டி.என்.ஏ. பழுதுநீக்கம் இல்லையென்றால் மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று இதுவே. நோயாளிகள் தந்த ஒரு சிறு துண்டுத் தோல், அதுவரை ஊகமாக இருந்ததை ஆய்வகத்தில் அளந்து காட்டியது.

எட்டு மரபணுக்கள்

1972இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் டிர்க் போட்ஸ்மாவின் குழு ஓர் எளிய சோதனை செய்தது. இரண்டு வெவ்வேறு நோயாளிகளின் செல்களை ஒன்றாக இணைத்தது. சில இணைகளில் பழுதுநீக்கம் திரும்பி வந்தது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தந்தால்தான் இப்படி நிகழும். ஆகவே இந்நோய்க்குக் காரணம் ஒரே மரபணுவின் குறை அன்று என்பது தெளிவாயிற்று. இம்முறையில் எக்ஸ்.பி. நோயாளிகள் ஏ முதல் ஜி வரை ஏழு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். வெட்டி நீக்கும் வேலை சரியாக நடந்தும் நோய் வந்த சிலர் 'மாறுவகை' எனப்பட்டனர்.

1990இல் ஜப்பானின் கியோஜி தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் ஏ குழுவின் மரபணுவைக் கண்டறிந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மற்றவையும் கண்டறியப்பட்டன. 1999இல் மாறுவகையின் காரணமும் தெரிந்தது. ஒட்டிக்கொண்ட தைமின்களைக் கடந்து பிழையின்றி நகலெடுக்கும் தனிச்சிறப்பு வாய்ந்த ஒரு நொதி அவர்களிடம் இல்லை.

மனிதச் செல்லில் சிதைந்த இடத்தின் இரு பக்கமும் வெட்டி, ஏறத்தாழ 30 எழுத்துகள் கொண்ட துண்டு நீக்கப்படுகிறது. இச்செயலின் நுட்பத்தை விளக்கியதற்காகத் துருக்கியில் பிறந்த அசிஸ் சன்சாருக்கு 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச் ஆகியோருடன் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பி53: கட்டி அடக்கி

பழுது நீங்காமல் நின்றால் அது எப்படிப் புற்றாகிறது? இக்கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது.

1979இல் டேவிட் லேன், அர்னால்ட் லெவின் உள்ளிட்ட பலர் தனித்தனியே ஒரு புரதத்தைக் கண்டனர். அதன் எடையை வைத்து பி53 என்ற பெயர் வந்தது. முதல் பத்தாண்டுகள் இது புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே கருதப்பட்டது. 1989இல் அந்தக் கருத்து தலைகீழானது. லெவினின் குழுவும் பெர்ட் ஃபோகல்ஸ்டீனின் குழுவும், இயல்பான பி53 கட்டியை அடக்குகிறது, கெட்டுப்போன பி53 தான் புற்றுக்கு வழிவிடுகிறது என்று காட்டின.

இது 17ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. டி.என்.ஏ.வில் சிதைவு ஏற்பட்டதும் பி53 புரதம் செல் பிரிவதை நிறுத்திவைக்கிறது. பழுது நீங்கியபின் பிரிய விடுகிறது. பழுது மிகுதியானால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்கிறது. கடும் வெயிலில் நின்ற சில நாட்களில் தோல் உரிவதை நாம் பார்த்திருக்கிறோம். அதில் ஒரு பகுதி பி53 செய்யும் வேலை என்பதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மீளமுடியாமல் சிதைந்த செல்கள் விலக்கப்படுகின்றன. பி53 கெட்டுப்போன செல் மட்டும் சாகாமல் தங்கிவிடுகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் உதிர்ந்த இடத்தை அது நிரப்பத் தொடங்குகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இம்மரபணு கெட்டிருக்கிறது.

எழுத்துப் பிழையில் கிடைத்த தடயம்

பி53 மரபணுவில் எங்கே, எந்த எழுத்து மாறியது என்று படித்தால், அதைச் செய்தது யார் என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் 1991இல் உருவானது. நிலக்கடலை, சோளம் போன்றவற்றில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சினுக்கு ஆட்பட்ட சீனாவிலும் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும், கல்லீரல் புற்றுகளில் பி53இன் 249ஆம் இடத்தில் குறிப்பிட்ட ஒரே மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. திருடனின் கைரேகைபோல நஞ்சின் தடயம் மரபணுவில் பதிந்திருந்தது.

அதே ஆண்டு டக்ளஸ் பிராஷும் உடன் ஆய்வாளர்களும் சாதாரண மக்களின் தோலில் தோன்றிய 24 செதிள்செல் புற்றுகளை ஆராய்ந்தனர். 14 கட்டிகளில் பி53 கெட்டிருந்தது. மாற்றங்கள் அடுத்தடுத்துப் பிரிமிடின்கள் உள்ள இடங்களில் இருந்தன. சிலவற்றில் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்கள் ஒருசேர இரண்டு தைமின்களாக மாறியிருந்தன.

இந்த இரட்டை மாற்றம் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு சைட்டோசின் தைமினாக மாறுவது வேறு காரணங்களாலும் நடக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு சைட்டோசின்களும் ஒன்றாக மாறுவதற்கு, அவை இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கரும்பலகையில் இரண்டு எழுத்துகள் ஒன்றாகக் கலைந்துபோனால், பார்த்தெழுதும் மாணவன் வழக்கமான எழுத்தைப் போட்டு நிரப்பிவிடுவான் அல்லவா? நகலெடுக்கும் நொதியும் கலைந்த இடத்தின் எதிரே அடினினை வைத்துவிடுகிறது. அடுத்த நகலில் அடினினுக்கு எதிரே தைமின் வந்து அமர்கிறது. பிழை நிலைபெற்றுவிடுகிறது. இப்படி இரட்டையாகப் பிழைசெய்வது புறஊதாக் கதிரின் தனி அடையாளம்.

1993இல் எக்ஸ்.பி. நோயாளிகளின் கட்டிகள் இந்த வழக்கில் முதன்மைச் சாட்சிகளாயின. பாரிஸ் அருகிலுள்ள வில்ஜுயிஃபில் நிக்கோலா டுமா, லீலா தயா-குரோஜான், அலென் சாரசான் ஆகியோர் அடங்கிய குழு, இந்நோயாளிகளின் 43 தோல் கட்டிகளில் பி53 மரபணுவைப் படித்தது. 17 கட்டிகளில், அதாவது 40 விழுக்காட்டில், பிறழ்வு இருந்தது. அப்பிறழ்வுகள் அனைத்தும் இரட்டைப் பிரிமிடின் இடங்களிலேயே இருந்தன. அவற்றுள் 61 விழுக்காடு, இரண்டு சைட்டோசின்கள் இரண்டு தைமின்களாக மாறிய இரட்டைப் பிழைகள். மற்றவர்களின் தோல் புற்றுகளில் இத்தகைய இரட்டைப் பிழை சிறு பங்கே. உடலின் உள்ளுறுப்புப் புற்றுகளில் அது காணப்படவில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாயின. முதலாவது, வெயில் எல்லோர் தோலிலும் ஒரே வகைச் சிதைவைத்தான் உண்டாக்குகிறது. பழுதுநீக்கம் இருப்பவர்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிடுகிறது, இல்லாதவர்களில் அப்படியே நின்று புற்றாகிறது. இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. ஒரு மரபணுவின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டுமே புரதம் செய்வதற்காகப் படியெடுக்கப்படுகிறது. பிரெஞ்சுக் குழு கண்ட பிழைகளில் இரண்டைத் தவிர மற்றவை எல்லாம், படியெடுக்கப்படாத இழையில் நின்றுவிட்ட சிதைவுகளால் வந்தவை. அதாவது செல், அன்றாடம் பயன்படும் இழையை முன்னுரிமை கொடுத்துச் சரிசெய்கிறது. ஹானவால்ட்டின் ஆய்வகம் 1980களில் வளர்ப்புச் செல்களில் கண்ட இந்த முன்னுரிமை, மனித உடலிலும் உண்மையாக நடக்கிறது என்பதற்கு இக்கட்டிகளே சான்றாயின.

1999இல் அதே பிரெஞ்சு ஆய்வாளர்கள், எக்ஸ்.பி. நோயாளிகளின் அடிச்செல் புற்றுகளில் 'பேட்ச்டு' என்ற மற்றொரு கட்டி அடக்கி மரபணுவும் மிகுதியாகக் கெட்டிருப்பதைக் கண்டனர். அங்கும் புறஊதாக் கதிரின் தடயமே இருந்தது.

தென்னிந்தியாவும் உறவுத் திருமணமும்

எக்ஸ்.பி. ஓர் ஒடுங்கு பண்பு நோய். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் நோயின்றி நலமாக இருப்பார்கள். தாம் அதைச் சுமப்பதே அவர்களுக்குத் தெரியாது. இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர உண்டு.

தென்னிந்தியாவில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும், மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணப்பதும் நெடுங்கால வழக்கம். ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் மூன்றிலும் இதைக் காணலாம். தெலுங்கில் மேனரிகம் என்பார்கள். சொத்து பிரியாது, பெண் அந்நிய வீட்டில் வருந்த மாட்டாள், தெரிந்த குடும்பம் என்ற நியாயங்கள் அதன் பின்னே உண்டு. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவில் மணந்தவர்கள். 1980களில் பெங்களூர், மைசூர் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெற்றோர் உறவினராக இருந்தனர். தாய்மாமனை மணந்தவர்கள் மட்டுமே ஐந்தில் ஒரு பங்கு.

உறவுத் திருமணத்தின் விளைவு பற்றி நம் அண்டை மாவட்டத்திலேயே முன்னோடி ஆய்வுகள் நடந்தன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், இன்பராஜ் ஆகியோர் 1970களில் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தனர். கருச்சிதைவு போன்ற பொதுவான அளவுகளில் பெரிய வேறுபாட்டை அவர்கள் காணவில்லை. ஆனால் கர்நாடகத்தில் 1987இல் வெளியான ஆய்வு, குழந்தைப்பருவ ஒடுங்கு நோய்கள் உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகுதி என்று காட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் மிக அரிய நோய்களின் வாய்ப்பு பன்மடங்காகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 250 பேரில் ஒருவர் ஏதோ ஓர் ஒடுங்கு நோயின் பழுதைச் சுமப்பதாக வைத்துக்கொள்வோம். உறவல்லாதவர்கள் மணந்தால் அந்நோய் 2,50,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். மாமன் மகள், அத்தை மகன் மணந்தால் ஏறத்தாழ 8,000இல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் மணந்தால் ஏறத்தாழ 4,000இல் ஒன்று. நூறு மடங்காகக் கூட எட்டாத மனிதக் கணிப்புக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் அறுபது மடங்கு கூடிய பின்பும் 4,000 குழந்தைகளில் 3,999 பேருக்கு அந்த நோய் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உறவில் மணக்காவிட்டாலும், ஒரு சிறு சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணந்தால் முன்னோர் ஒருவரின் பழுது பலரிடம் பரவியிருக்கும். இந்தியச் சமூகங்கள் பலவற்றில் இத்தகைய முன்னோர் விளைவு வலுவாக உள்ளது என்பதை ஐதராபாத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2009லும் 2017லும் காட்டியது. உலகின் வேறு பகுதிகளிலும் இதையே காண்கிறோம். ஜப்பானில் ஏ குழுவும், வட ஆப்பிரிக்காவில் சி குழுவும் மிகுந்திருப்பது முன்னோர் வழிவந்த ஒரே பிறழ்வால். பிரேசிலில் அராராஸ் என்ற சிற்றூரில் ஒரே வழியில் வந்த குடும்பங்கள் பலவற்றில் மாறுவகை எக்ஸ்.பி. இருக்கிறது. இந்திய நோயாளிகளின் பிறழ்வுகளை மும்பை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015இல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

குளிர்ந்த ஊரும் வெயிலும்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியிலிருந்து மேலேறி வருபவர்கள் காற்றின் குளிர்ச்சியை உடனே உணர்வார்கள். 'இங்கே வெயில் அடிக்காது' என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வெப்பம் வேறு, புறஊதாக் கதிர் வேறு. புறஊதாக் கதிரைத் தோல் சூடாக உணர்வதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் இக்கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மெல்லிய மேகம் அதை முழுவதும் தடுப்பதில்லை. நிலநடுக்கோட்டுக்கு 13 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள நம் பகுதியில் ஆண்டு முழுதும் உச்சிவெயிலில் இக்கதிர் வலுவாகவே இருக்கும். நல்ல வேளையாகக் கருந்தோலின் மெலனின் நிறமி நமக்குக் குடைபோல் உதவுகிறது. நம்மிடையே தோல் புற்று அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். அதனால்தான் ஒரு சிறு பிள்ளைக்குத் தோல் புற்று வந்தால் எக்ஸ்.பி.யை உடனே நினைக்க வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டைகளும் சிறு பட்டறைகளும் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில் வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் துடித்தவர்கள் பலர். அது புறஊதாக் கதிரின் வேலையே. இந்நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டையொட்டி வெல்டிங் பட்டறை இருப்பது, கூரையில்லாத இடத்தில் நிற்பதற்கு ஒப்பான ஆபத்து.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு பழைய நினைவு. பணியில் இருந்த நாட்களில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முகமெங்கும் மிளகு தூவியதுபோல் புள்ளிகள். கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மரநிழலுக்கு நழுவிவிடுவான். ஒழுங்கு என்று சொல்லி அவனை வெயிலில் வரிசைக்கு அழைத்து நிறுத்தியவன் நான். அவன் தாயும் தந்தையும் மாமன்–மருமகள் உறவு. ஊரில் சாமி குத்தம் என்றார்கள், சிலர் தொற்றும் என்று ஒதுங்கினார்கள். மருத்துவர் யாரும் பார்த்து நோயின் பெயரைச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு பாதியில் படிப்பை நிறுத்திவிட்டான். அறிவியல் பாடத்தில் புறஊதாக் கதிரைப் பற்றி நடத்திக்கொண்டிருந்த எனக்கு, அதற்கும் அந்தப் பிள்ளைக்கும் முடிச்சுப்போடத் தோன்றவில்லை.

அறிந்துகொண்டால் செய்யக்கூடியவை

எக்ஸ்.பி. நோயை முற்றிலும் நீக்கும் மருத்துவம் இன்னும் வரவில்லை. ஆனால் பழுது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததால், பழுதே ஏற்படாமல் தடுக்க முடிகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 2009 வரை ஏறத்தாழ நாற்பதாண்டு காலம் தொடர்ந்து பார்க்கப்பட்ட நோயாளிகளில், முதல் தோல் புற்று வந்த நடு வயது 9. மெலனோமா அல்லாத தோல் புற்று, இருபது வயதுக்குட்பட்ட இந்நோயாளிகளுக்குப் பிறரைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்து வெயிலைத் தவிர்த்து வளர்த்தால் இக்கட்டிகளைப் பெருமளவு குறைக்கலாம், தள்ளிப்போடலாம்.

இரண்டு வயதுக்குள் முகத்தில் கரும்புள்ளிகள் வருவது முதன்மையான அடையாளம். சிறிது வெயிலுக்கே தோல் கொப்பளிப்பதும், வெளிச்சத்தில் கண் கூசிச் சிவப்பதும் மற்ற அடையாளங்கள். எல்லா நோயாளிகளுக்கும் தோல் கொப்பளிப்பதில்லை. பாதிப்பேருக்குப் புள்ளிகள் மட்டுமே எச்சரிக்கை. மங்கு, மச்சம் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மரபணுச் சோதனையால் நோயை உறுதிசெய்யலாம். குடும்பத்தின் பிறழ்வு தெரிந்துவிட்டால், அடுத்த குழந்தைக்குக் கருவிலேயே சோதித்தறியவும் மரபணு ஆலோசனை பெறவும் வழி உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டியவை. முழுக்கை உடை, அகன்ற விளிம்புத் தொப்பி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை தேவை. சாதாரண சன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை உள்ளே விடும் என்பதால் அதற்கெனவுள்ள படலம் ஒட்ட வேண்டும். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும். அதை மருத்துவர் அறிவுரைப்படி தர வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலையும் கண்ணையும் சோதித்து, சிறு கட்டியையும் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும்.

பள்ளியின் பங்கும் பெரிது. சன்னலோரம் இல்லாத இருக்கை, வழிபாட்டுக் கூட்டத்திலும் விளையாட்டு வேளையிலும் விலக்கு, தொப்பி அணிய அனுமதி ஆகியவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. இது தொற்றுநோய் அன்று என்பதை உடன் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதும் ஆசிரியரின் கடமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இந்நோய் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனவே தலைமையாசிரியரின் புரிதலே பல நேரங்களில் அந்தப் பிள்ளையின் படிப்பைக் காக்கும்.

டி.என்.ஏ. பழுதுநீக்கம், கட்டி அடக்கி மரபணு, புறஊதாக் கதிரின் தடயம் என்று இன்று பாடநூல்களில் நாம் படிப்பவற்றுள் பலவும், தங்கள் தோலின் சிறு துண்டுகளைத் தந்த எக்ஸ்.பி. நோயாளிகளிடமிருந்து வந்தவை. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்த அறிவு, முகத்தில் புள்ளிகளோடு நிழல் தேடி ஒதுங்கும் ஒரு பிள்ளையை நம் ஊர்ப் பள்ளியில் அடையாளம் காணவும் பயன்பட வேண்டும்.